ரீபோர் ஆகி வந்த பிளாக், மூணாவது சிலிண்டர்ல 0.05 மில்லிமீட்டர் டேப்பர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2022 ஆகஸ்ட்ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்ச விஷயம். ஹீட் ஆகி நின்ன கார் எஞ்சினோட பிளாக்க (சிலிண்டர் எல்லாம் இருக்க இரும்பு உடம்பு) குடைஞ்சு பெருசாக்கக் குடுத்தோம், அதுல ஒரு சிலிண்டர் மட்டும் மேல அகலமாவும் கீழ குறுகலாவும் வந்துடுச்சு, அதத்தான் டேப்பர்னு சொல்றது. சம்பந்தப்பட்டவங்க நாலு பேரு, யார் பேரும் போடல. காரோட ஓனர், காக்கி புக்கிட்ல சின்னதா வொர்க்‌ஷாப் வச்சிருக்க மெக்கானிக் அண்ணன், பிளாக்க போரிங் பண்ணிக் குடுத்த மெஷின் ஷாப் அங்கிள், அப்புறம் நான். எனக்கு துவாஸ்ல ஒரு பார்ட்ஸ் கம்பெனில கியூசி வேலை (தரம் பாக்குறது), நாள் முழுக்க மைக்ரோமீட்டரும், சிலிண்டர் உள் விட்டத்த அளக்குற போர் கேஜும்தான் கையில இருக்கும், அண்ணன் பல வருஷப் பழக்கம், அப்படித்தான் இதுக்குள்ள வந்தேன்.

கார் 2006-ல பதிஞ்ச மிட்சுபிஷி லான்சர் 1.6. உள்ள இருக்கிறது 4ஜி18 எஞ்சின், காஸ்ட் அயர்ன் பிளாக், போர் (சிலிண்டரோட உள் விட்டம்) 76 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 87.3, மொத்தம் 1584 சிசி. ஓனர் 2016-ல சிஓஇய (இங்க கார் வச்சிருக்க வாங்க வேண்டிய உரிமம்) பத்து வருஷத்துக்குப் புதுப்பிச்சிட்டாரு, இன்னும் நாலு வருஷம் மிச்சம் இருந்துச்சு. அவங்க அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், கூட்டிட்டுப் போறது வர்றது எல்லாம் இந்தக் கார்லதான். ஒருநாள் பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல போயிட்டு இருக்கப்ப ரேடியேட்டரோட பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விட்டு தண்ணி பூரா போயிடுச்சு, ஹீட் முள்ளு ஏறுனத அவரு பாக்குறதுக்குள்ள எஞ்சின் நின்னுடுச்சு.

ஹெட்ட (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்கறது) கழட்டிப் பாத்தா வளைஞ்சிருந்துச்சு, ரெண்டு பிஸ்டன்ல ரிங் ஒட்டிப் போயிருந்துச்சு, சிலிண்டர் சுவத்துல நகத்துல தட்டுற அளவுக்குக் கோடு. புதுக் கார் வாங்கலாம்னா அப்ப ஏ பிரிவு சிஓஇ மட்டுமே 70,000 வெள்ளியத் (சிங்கப்பூர் டாலர்) தாண்டிப் போயிட்டு இருந்துச்சு. பழைய எஞ்சின் ஒண்ணு வாங்கிப் போடலாம்னா எஞ்சின் நம்பர் பிளாக்ல அடிச்சிருக்கும், எல்டிஏ-ல (போக்குவரத்து ஆணையம்) பதிவு மாத்தணும், அதோட அந்த எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு சொல்ல ஆளே கிடையாது. அதனால இதே பிளாக்க 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்கு போரிங் பண்ணி (சிலிண்டர அவ்வளவு பெருசாக் குடைஞ்சு) புது பிஸ்டன், ரிங், பேரிங் போட்டுக் கட்டிடலாம்னு முடிவு பண்ணாங்க.

மெஷின் ஷாப்புக்குப் போனது

அங்கிள் கடையில அண்ணன் முன்னாடியும் வேலை குடுத்திருக்காரு, எல்லாமே நல்லாத்தான் வந்திருக்கு. பிளாக், ஹெட், கிராங்க், புது பிஸ்டன் செட் நாலயும் வேன்ல ஏத்திக் கொண்டுபோய்க் குடுத்தாரு. போரிங், ஹோனிங் (கல்லால தேச்சு கடைசி அளவுக்குக் கொண்டு வர்றது), ஹெட் ஸ்கிம்மிங் (அடிப்பாகத்த சீவி நேராக்குறது), கிராங்க் பாலிஷ் எல்லாம் சேத்து 680 வெள்ளி. எவ்வளவு கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவத்துக்கும் நடுவுல விடுற இடைவெளி) வேணும்னு எழுதிக் குடுக்கல, பில்லுலயும் "எஞ்சின் மெஷினிங்"னு ஒரே வரிதான். எடுக்கப் போனப்ப ஓனர் முழுக் காசையும் கட்டிட்டாரு. ஹெட்டக் குடுக்குறதுக்கு முன்னாடி அதோட உயரத்த அண்ணனும் அளக்கல. இதெல்லாம் அப்ப யாருக்கும் பெருசாத் தெரியல, பின்னாடிதான் ஒண்ணொண்ணும் உறைச்சுது. ஒம்பது நாள்ல வேலை முடிஞ்சு வந்துடுச்சு.

முதல்ல கண்ணுல பட்டது

சனிக்கிழமை மத்தியானம் நான் போனப்ப பிளாக்க ஸ்டாண்டுல ஏத்தி வச்சிருந்தாங்க. பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஹோனிங் கோடு நல்லா குறுக்கும் நெடுக்குமா தெரிஞ்சுது. ரிங் மாட்டுறதுக்கு முன்னாடி அண்ணன் எப்பவும் ஒரு வேலை பண்ணுவாரு. ரிங் இல்லாத பிஸ்டனுக்கு லேசா எண்ணெய் தடவி, பிளாக்க நிமித்தி வச்சு, பிஸ்டன தலைகீழா போர்ல விட்டுக் கைய எடுத்துடுவாரு, அது தன் கனத்துலயே மெதுவா ஒரே வேகத்துல இறங்கணும். ஒண்ணு, ரெண்டு, நாலு மூணுலயும் அப்படித்தான் இறங்குச்சு, கீழ கை வச்சுப் பிடிச்சுக்கிட்டாரு. மூணாவதுல மேல பாதி சட்டுனு இறங்கிட்டு, அப்புறம் தயங்கி, அடில ரெண்டு விரக்கடை இருக்கப்ப அப்படியே நின்னுடுச்சு. கட்டை விரலால அமுக்குனாத்தான் நகந்துச்சு.

பிஸ்டன மாத்தி மாத்தி விட்டுப் பாத்தோம். எந்தப் பிஸ்டன விட்டாலும் மூணாவதுல அதே எடத்துல நிக்குது, மூணாவதுக்கு வச்சிருந்த பிஸ்டன் மத்த மூணுலயும் ஒழுங்கா இறங்குது. அப்ப பிஸ்டன்ல குத்தமில்ல.

ஓனரும் அங்கதான் இருந்தாரு. "அண்ணே, ஓட ஓட சரியாயிடாதா?"ன்னு கேட்டாரு. அவரு நிலைமை எனக்குப் புரிஞ்சுது, ரெண்டு வாரமா அப்பாவுக்கு டாக்சிக்கே காசு போயிட்டு இருக்கு. அண்ணன் பதில் சொல்லாம ஸ்பேனர கீழ வச்சுட்டாரு. "தம்பி, நாளைக்கு உன் கேஜ எடுத்துட்டு வா"ன்னு என்கிட்ட சொன்னாரு.

அளவு எடுத்தது, முதல் தடவ நான் பண்ண தப்பு

சொந்தமா வச்சிருக்க போர் கேஜையும் மைக்ரோமீட்டரையும் எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை போனேன். வீட்டுல ஏர்கான் ரூம்ல இருந்த கேஜ் அது, போன உடனே செட் பண்ணி அளந்துட்டேன். பிளாக் ஷட்டர் ஓரமா வெயில் படுற எடத்துல கிடந்துச்சு. நாலு சிலிண்டருமே எதிர்பாத்தத விட கொஞ்சம் பெருசாக் காட்டுச்சு, ஒரு நிமிஷம் நாலுமே கெட்டுப் போச்சோன்னு பயந்துட்டேன்.

அப்புறம்தான் புத்தில பட்டுச்சு. காஸ்ட் அயர்ன் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 11 மைக்ரான் கிட்ட விரியும். 76.5 மில்லி போருக்குப் பத்து டிகிரி வித்தியாசம்னா 0.008 மில்லி அங்கயே போயிடும். மொத்த கிளியரன்ஸே 0.02-ல இருந்து 0.04 வரைக்கும்தான், அதுல 0.008ங்கிறது கால்வாசி கிட்ட. இந்த அளவ வச்சுக்கிட்டு ஒருத்தர் கடையில போய் நின்னிருந்தா எவ்வளவு அநியாயம். பிளாக், பிஸ்டன், கேஜ், மைக்ரோமீட்டர் எல்லாத்தையும் ஒரே டேபிள்ல ஃபேனுக்குக் கீழ ராத்திரி பூரா போட்டு வச்சோம், திங்கக்கிழமை காலைல லீவு போட்டுட்டுப் போய் திரும்ப அளந்தேன்.

பிஸ்டன் நாலும் 76.470. பாவாடைப் பகுதில (பிஸ்டனோட கீழ்ப்பாகம்), பிஸ்டன்-பின் கம்பிக்குக் குறுக்கா அளந்தது. மிட்சுபிஷி மேனுவல் படி போர் 76.49-க்கும் 76.51-க்கும் நடுவுல இருக்கணும், டேப்பரும் வட்டம் கோணறதும் 0.01-க்குள்ள இருக்கணும். ஒண்ணு, ரெண்டு, நாலு மூணுமே மேல, நடு, கீழ, ரெண்டு திசையிலயும் 76.500-ல இருந்து 76.505-க்குள்ள, குறை சொல்லவே முடியாத வேலை. மூணாவது மேல 76.525, நடுவுல 76.510, அடில 76.475. மேல கிளியரன்ஸ் 0.055, கீழ வெறும் 0.005. அலுமினியம் பிஸ்டன் சூட்டுல இரும்ப விட ரெண்டு மடங்கு கிட்ட விரியும், அந்த அடிப்பகுதில அது கண்டிப்பா உராஞ்சு பிடிச்சிருக்கும். ஓட ஓட சரியாயிடுமான்னு ஓனர் கேட்டதுக்கு பதில் இதுதான்.

கிராங்க்ல ஒரு குறையும் இல்ல, ஹெட்டோட அடிப்பாகமும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சுப் பாத்ததுல நேரா இருந்துச்சு. குறைய மட்டும் இல்லாம நல்லா வந்ததையும் அதே தாள்ல எழுதிக்கிட்டேன், அது பின்னாடி ரொம்ப உதவுச்சு.

ரிங்க வச்சு ஒரு சரிபார்ப்பு

என் கேஜ அங்கிள் நம்பலைன்னா என்ன பண்றதுன்னு யோசிச்சப்ப அண்ணன்தான் இந்த வழியச் சொன்னாரு. புது டாப் ரிங்க போருக்குள்ள விட்டு, பிஸ்டனால தள்ளி நேரா நிறுத்தி, ரிங்கோட ரெண்டு நுனிக்கும் நடுவுல இருக்க இடைவெளிய ஃபீலர் கேஜால (மெல்லிசு மெல்லிசா தகடு இருக்க கருவி) அளக்கணும். ஒரே ரிங், ஒரே போர், மேல ஒரு தடவ கீழ ஒரு தடவ. போர் எவ்வளவு சுருங்குதோ அதுல 3.14 மடங்கு இடைவெளி குறையும். மூணாவதுல மேல 0.36, அடில 0.20, வித்தியாசம் 0.16. அத 3.14-ஆல வகுத்தா 0.05, போர் கேஜ் சொன்ன அதே அளவு. ரெண்டாவது சிலிண்டர்ல அதே ரிங் மேலயும் கீழயும் ஒரே இடைவெளி. போர் கேஜ் இல்லாதவங்க கூட பத்து வெள்ளி ஃபீலர் கேஜ வச்சு இத வீட்டுலயே பாத்துடலாம், பிளாக்க வாங்குன அன்னைக்கே.

என்ன பண்றதுன்னு முடிவெடுத்தது

மூணு பேரும் கோப்பி கடையில உக்காந்து பேசினோம். ஓனர் கோவத்துல இருந்தாரு, நேராப் போய் காசத் திருப்பிக் கேப்போம், தரலைன்னா ஸ்மால் கிளெய்ம்ஸ்ல (சின்னத் தொகை வழக்குக்கான தீர்ப்பாயம்) போடுவோம்னாரு. அந்த வழி இருக்கு, 20,000 வெள்ளி வரைக்கும் போடலாம், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா 30,000, வக்கீல் வைக்க முடியாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். ஆனா நமக்கு வேண்டியது ஓடுற கார், 680 வெள்ளி இல்ல. அதுவும் இல்லாம எவ்வளவு கிளியரன்ஸ் வேணும்னு நாம எழுதியே குடுக்கல, பில்லுல ஒரே வரி, அங்க போய் நின்னா முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும். அதக் கடைசி வழியா வச்சுக்கலாம், முதல்ல ஆள் கிட்டப் பேசிப் பாப்போம்னு முடிவாச்சு.

ரெண்டாவது முடிவு, எந்தக் காரணத்துக்காகவும் எஞ்சினக் கட்டக் கூடாது. ஒரு தடவ கட்டி ஓட்டிட்டோம்னா அப்புறம் அந்த 0.05 போரிங்ல வந்ததா, நீ கட்டுனதுல வந்ததா, ஓட்டுனதுல வந்ததான்னு யாராலயும் சொல்ல முடியாது. எஞ்சின் நம்பர் தெரியுற மாதிரி பிளாக்கையும் கேஜையும் ஒரே ஃபோட்டோல எடுத்தோம், பிஸ்டன் நிக்கிற எடத்த வீடியோ எடுத்தோம்.

மூணாவது, நாங்களா எதையும் தொட்டுச் சரி பண்ணக் கூடாது. அண்ணன் கிட்ட கையில பிடிக்கிற சின்ன ஹோன் இருக்கு, அடிய மட்டும் கொஞ்சம் தேச்சுட்டா இறங்கிடும்னு ஒரு ஆசை வந்துச்சு. தேச்சிருந்தா ஆதாரமும் போயிருக்கும், மேல இருக்க 0.055 அப்படியேதான் இருந்திருக்கும்.

அங்கிள் கடையில

செவ்வாய்க்கிழமை பிளாக்க வேன்ல ஏத்திட்டுப் போனோம். ஓனர வர வேணாம்னு அண்ணன் சொல்லிட்டாரு. அங்கிளுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும், அண்ணனும் அவரும் எப்பவும் மலாய்லதான் பேசிக்குவாங்க. விஷயத்தச் சொன்ன உடனே "போலே ஜாலான் லா"ன்னாரு, அதெல்லாம் ஓடும் போங்கற மாதிரி. இத்தனை வருஷமா இந்த மெஷின்லதான் பண்றேன், உன் கேஜ் சரியில்லன்னாரு. நான் வாயத் திறக்கல. என் தாள அண்ணன் மடிச்சுப் பையிலயே வச்சுக்கிட்டு, "அங்கிள், நீங்களே உங்க ஃபீலர் கேஜால பாருங்க"ன்னு ரிங்க அவரு கையில குடுத்தாரு.

அவரு ரெண்டாவது சிலிண்டர்ல முதல்ல விட்டாரு, அது என்ன கணக்கோ, தன் வேலை மேல இருந்த நம்பிக்கையா இருக்கலாம். மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, சரின்னு தலையாட்டுனாரு. மூணாவதுல மேல பாத்துட்டு ரிங்க அடிக்குத் தள்ளினாரு, மேல நுழைஞ்ச தகடு அங்க நுழையல. அதவிட மெல்லிசா ஒண்ணு எடுத்தாரு, அதுவும் நுழையல. கண்ணாடியக் கழட்டித் துடைச்சுப் போட்டுட்டு இன்னொரு தகடு எடுத்தாரு. அஞ்சு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் அவரே ஹோனிங் மெஷின் கிட்டப் போய், கல்லு மேல கீழ போற ஸ்ட்ரோக் எங்க நிக்குதுன்னு பாத்தாரு.

காரணத்த அவரே சொன்னாரு. மூணாவதுக்கு வந்தப்ப ஸ்ட்ரோக் மேலயே நின்னிருக்கு, ஹோனிங் கல்லு போரோட அடி விளிம்பத் தாண்டி வெளிய வரல, அதனால அடில கல்லு படவேண்டிய அளவுக்குப் படல, மேல மட்டும் திரும்பத் திரும்பத் தேஞ்சிருக்கு. இதுல என் ஊகம் ஒண்ணும் இருக்கு. ஹோனிங் சூட்டுல பிளாக் கோணாம இருக்க 2, 4, 1, 3-ன்னு மாத்தி மாத்திப் பண்ணச் சொல்லி மிட்சுபிஷி மேனுவல்ல போட்டிருக்கும், அப்படிப் பாத்தா மூணாவதுதான் கடைசி. நாள் முடியுற நேரத்துல கடைசி சிலிண்டர அளந்து பாக்காமலே இறக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். அங்கிள் யார் மேலயும் பழி போடல, நானும் கேக்கல.

மூணு வழி பேசினோம். அடிய மட்டும் ஹோன் பண்ணி மேல இருக்க அளவுக்குக் கொண்டு வர்றது, அங்கிள் முதல்ல சொன்னது இதுதான். 0.055 கிளியரன்ஸ்ல வண்டி ஓடாம போயிடாது, காலைல ஸ்டார்ட் பண்றப்ப டக் டக்னு பிஸ்டன் தட்டுற சத்தம் வரும், ரிங் ஆயுசு குறையும். புது பிஸ்டன் போட்டு முதல் நாளே அளவத் தாண்டி நிக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு செலவுன்னு அண்ணன் ஒத்துக்கல. ரெண்டாவது வழி, மூணாவது சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் (உள்ள இறக்குற புது இரும்புக் குழாய்) அடிக்கிறது. அதுக்கு போர பெருசாக் குடைஞ்சு ஸ்லீவ இறுக்கி இறக்கணும், பக்கத்துல நல்லா இருக்க ரெண்டு போரும் அதுல அசைய வாய்ப்பு இருக்கு. மூணாவது வழி, நாலயும் 0.75-க்கு ஏத்தி வேற பிஸ்டன் செட் போடுறது. ஒண்ண மட்டும் ஏத்த முடியாது, நாலும் ஒரே அளவா இருக்கணும். அதுதான் சுத்தமான வழின்னு அதையே எடுத்துக்கிட்டோம். போரிங் கூலி இல்ல, 240 வெள்ளி பிஸ்டன் செட்டுல பாதி அங்கிள், பாதி ஓனர். பிரிக்காத 0.50 செட்டா இருந்தா கடை திருப்பி எடுத்திருக்கும், பெட்டியப் பிரிச்சு எண்ணெய் போட்டுட்டோம், எடுக்க மாட்டேன்னுட்டாங்க.

அதே கடைக்கே எதுக்குத் திரும்பக் குடுத்தீங்கன்னு பல பேரு கேட்டாங்க. மத்த மூணு சிலிண்டரும் 0.005-க்குள்ள நின்னுச்சு, அந்த மெஷினுக்கும் அந்தக் கைக்கும் வேலை தெரியும்னு என் தாளே சொல்லுது. தன் கேஜால தானே பாத்துட்டு ஆமான்னு ஒத்துக்கிட்ட மனுஷன். இந்த ஊர்ல இப்ப எஞ்சின் போரிங் பண்ற கடைங்களே கொஞ்சம்தான், அண்ணனுக்கு நாளைக்கும் அவரு வேணும். ஆனா ஒரு நிபந்தனை வச்சோம், கடைசி ஹோனிங் அப்ப நாங்க பக்கத்துல இருப்போம், அளவு எழுதித் தரணும்.

கேலரில கிடந்த அழுக்கு

பிஸ்டன் செட் வந்து சேர 18 நாள் ஆச்சு, அதுக்குள்ள இன்னொண்ணு தெரிஞ்சுது. கழுவித்தான் குடுத்திருந்தாங்க, ஆனா ஆயில் கேலரியோட (பிளாக்குக்குள்ள எண்ணெய் போற வழி) பிளக்க கழட்டாமலே கழுவிருக்காங்க. அண்ணன் பிளக்கத் திறந்து நீள பிரஷ்ஷ விட்டு இழுத்தப்ப, கருப்புச் சேறு மாதிரி எண்ணெயோட மினுமினுன்னு இரும்புத்தூளும் ஹோனிங் பொடியும் வந்துச்சு. வெள்ள டிஷ்யூல தேச்சுப் பாத்தோம், விரல் நுனில மணல் மாதிரி நெருநெருன்னுச்சு. இது பேரிங்குக்குள்ள போயிருந்தா போர் எவ்வளவு கச்சிதமா இருந்தும் பிரயோஜனம் இல்ல. டேப்பர் கூட எண்ணெய் குடிச்சு, சத்தம் போட்டுக் காட்டிக் குடுக்கும், இது ஒரு சத்தமும் இல்லாம பேரிங்கத் தின்னுடும், என்னக் கேட்டா ரெண்டுல இதுதான் பெரிய குறை.

அதனால ரெண்டாவது போரிங் முடிஞ்ச உடனே கேலரி பிளக் எல்லாத்தையும் கழட்டி, சுடுதண்ணியும் பாத்திரம் கழுவுற சோப்பும் போட்டு பிரஷ்ஷால தேச்சு, ஏர் அடிச்சு, எண்ணெய் தொட்ட வெள்ளத் துணியால போரத் துடைச்சோம், துணில சாம்பல் கலர் வராம நிக்கிற வரைக்கும். ஏழு தடவ ஆச்சு. ஹோனிங் பொடிய வெறும் பெயிண்ட் தின்னர் ஊத்தி எடுக்க முடியாது, அது கோடுகளுக்குள்ளயே உக்காந்துக்கும், சோப்புத் தண்ணிதான் தூக்கிட்டு வரும். காஞ்ச உடனே எண்ணெய் தடவிடணும், நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரு கோப்பி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள போர்ல செம்மண் கலர் பூத்துடும்.

பின்ன என்ன ஆச்சு

ரெண்டாவது தடவ நாலு போரும் 76.750-ல இருந்து 76.755. அங்கிள் தன் கையெழுத்துல ஒரு அட்டையில எழுதிக் குடுத்தாரு, மேல நடு கீழன்னு, நாலு சிலிண்டருக்கும். நானும் மறுநாள் ஆறின பிறகு அளந்தேன், அவரு எழுதுனதுக்கும் எனக்கும் 0.005-க்கு மேல எங்கயும் வித்தியாசம் இல்ல. பிஸ்டன் நாலும் ஒரே மாதிரி இறங்குச்சு.

அக்டோபர் முதல் வாரம் ஸ்டார்ட் பண்ணோம். 500 கிலோமீட்டர்ல ஒரு தடவ எண்ணெய் மாத்துனோம், அந்த எண்ணெயில காந்தத்த விட்டுப் பாத்தோம், லேசா சாம்பல் பூச்சு மட்டும்தான். 1,000-ல கம்ப்ரஷன் நாலும் 13.2-க்கும் 13.6 பாருக்கும் நடுவுல. பத்து வருஷம் தாண்டுன காருக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் உண்டுல்ல, 2023-ல பிரச்சனை இல்லாம பாஸ் ஆச்சு. 2023 டிசம்பர்ல கடைசியா பாத்தப்ப 15,000 கிலோமீட்டர் ஓடிருந்துச்சு, ரெண்டு சர்வீஸுக்கு நடுவுல டிப்ஸ்டிக்ல எண்ணெய் இறங்குறது கண்ணுக்குத் தெரியல.

நஷ்டம் இல்லாம இல்ல. ஓனருக்கு டாக்சி செலவு கிட்டத்தட்ட ஒரு மாசம் கூடுதலாப் போச்சு, அத யாரும் தரல. அண்ணனோட பே (கார நிறுத்தி வேலை பாக்குற எடம்) அத்தனை நாளும் அடைஞ்சு கிடந்துச்சு, கூடுதல் கூலி கேக்க அவருக்கு மனசு வரல.

திரும்பப் பண்ணா மாத்துறது

பிளாக்கக் குடுக்குறப்பவே ஒரு தாள் போகணும்: பிஸ்டன் அளவு, வேணுங்கிற கிளியரன்ஸ், டேப்பர் எவ்வளவுக்குள்ள, கேலரி பிளக் கழட்டிக் கழுவணுமா வேணாமா. அண்ணன் இப்ப அப்படித்தான் குடுக்குறாரு, அங்கிளும் அதே தாள்ல அளவ எழுதித் திருப்பித் தர்றாரு. காசு பாதி முன்னாடி, மீதி அளந்து பாத்த பிறகு. ரிங்க வச்சுப் பாக்குற சோதனைய கடையிலயே, வேன்ல ஏத்துறதுக்கு முன்னாடி பண்ணிடலாம், பத்து நிமிஷ வேலை. பிஸ்டன் பெட்டிய போரிங் கடைக்காரர் ஒரு பிஸ்டன அளக்க மட்டும் பிரிச்சா போதும். நான் அளக்குறதா இருந்தா முதல் நாளே கேஜக் கொண்டுபோய் பிளாக் பக்கத்துல வச்சுடுவேன்.

திருப்ப முடியாதது ஒண்ணு இருக்கு, ஹெட். ஹெட்டும் பிளாக்கும் சேத்து மொத்தமா 0.2 மில்லிக்கு மேல எடுக்கக் கூடாதுங்கிறது மேனுவல் கணக்கு. ஸ்கிம் பண்றதுக்கு முன்னாடி உயரத்த அளக்காததால அதுல எவ்வளவு தீந்துச்சுன்னு எங்க யார் கிட்டயும் கணக்கு இல்ல, அங்கிளும் குறிச்சு வைக்கல. அதனால இன்னொரு தடவ ஹீட் ஆனா இந்த ஹெட்டத் திரும்ப ஸ்கிம் பண்ணக் கூடாது, வேற ஹெட்தான்னு ஓனர் கிட்டச் சொல்லியாச்சு. ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட் மூணும் புதுசு போட்டாச்சு. "ஹெட் ஸ்கிம் ஆனது, 2022, அளவு இல்ல"ன்னு ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்காரு அண்ணன், அடுத்து யாரு திறந்தாலும் முதல்ல அதுதான் கண்ணுல படும்.